சலாமியாவில் தேடிய ஏவுகணை

இலக்கியம் பேசும் இடத்தில் ‘விக்ரம்’ படத்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறோம். 2022இல் வந்த படத்தைச் சொல்லவில்லை. சுஜாதாவின் கதையில், ராஜசேகர் இயக்கத்தில், 1986 மே இறுதியில் வெளியான பழைய ‘விக்ரம்’. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக நாம் கூடிப் பேசும் மாலைகளில் அந்தப் பெயர் எழுந்தாலே கூடவே ஒரு சிரிப்பும் எழும். ஜேம்ஸ் பாண்ட் நகல், எலிக் கோயில், ஜனகராஜின் மொழிபெயர்ப்பு என்று மூன்று சொற்றொடர்களில் தீர்ப்பு எழுதிவிடுவோம். அந்தச் சிரிப்பில் நமக்கிருந்த பங்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

படத்தின் மையத்தில் இருப்பது என்ன? இந்தியா உருவாக்கிய, அணுகுண்டைச் சுமக்கவல்ல ‘அக்னிபுத்திரன்’ என்னும் ஏவுகணை கடத்தப்படுகிறது. இந்தியாவின் மீதே அதைத் திருப்பிவிடத் திட்டமிடுகிறான் சுகிர்தராஜா. எதிரியின் குண்டு அல்ல, நம் குண்டு. அதுவே நம் தலையில். 1974 பொக்ரான் சோதனையை ‘அமைதி நோக்கிலான வெடிப்பு’ என்றே அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அக்னி ஏவுகணையின் முதல் சோதனைக்கு இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன; அணு ஆயுத நாடு என்ற அறிவிப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுகள். செர்நோபிலில் உலை வெடித்து அப்போது ஒரு மாதமே கடந்திருந்தது. நம் தீவிர எழுத்து எட்டிப் பார்க்கத் தயங்கிய ஒரு கேள்வியை, குமுதத்தில் தொடராகவும் வந்த ஒரு வணிகக் கதை கேட்டுவிட்டது. நமது எரிச்சலுக்கு உண்மையான காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

குறைகளை மறைக்கவில்லை. இடைவேளைக்குப் பின் படம் சலாமியா என்ற கற்பனை ராஜ்ஜியத்துக்கு ஓடிப்போகிறது. அங்கே அரசர், இளவரசி, ஆட்டம், பாட்டம். ஏவுகணை இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த ராஜ்ஜியத்தைப் பெரும்பாலும் ராஜஸ்தானில்தான் படமெடுத்தார்கள். பொக்ரானும் ராஜஸ்தான்தான். அணு பயங்கரத்துக்கு ஓர் அயல்தேசத்தைக் கற்பனை செய்யப் போனவர்கள், நம் குண்டு வெடித்த மாநிலத்திலேயே போய் நின்றிருக்கிறார்கள்.

நமக்குச் சலாமியா தேவையில்லை. இவ்விரண்டு ஊர்களிலிருந்தும் தெற்கே, நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டரில் கூடங்குளம் இருக்கிறது. 2019 அக்டோபர் இறுதியில் அந்நிலையக் கணினிகளுக்குள் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. அப்படி எதுவும் இல்லை என்றது நிலையம். மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் அது கண்டறியப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியாகப் பிரிக்கப்பட்டவை, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. இருக்கட்டும். ஆனால் அந்த ஒரு நாள் மறுப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? 1986இலேயே கதாநாயகனோடு ஒரு கணினி நிபுணரை (லிசி ஏற்ற பாத்திரம்) அனுப்பிவைத்தவர் சுஜாதா. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளருக்கு, ஆயுதத்தின் சாவி எங்கே இருக்கும் என்பது தெரிந்திருந்தது. நாமோ அவரை ‘வெகுஜன எழுத்தாளர்’ என்ற பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நிம்மதியாகப் பின்நவீனத்துவம் பேசிக்கொண்டிருந்தோம்.

‘எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது’ என்ற வாக்கியத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பது மற்ற ஊர்க்காரர்களைவிட இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே சுகிர்தராஜா யாரும் வரவில்லை. மருந்தும் வெப்பமும் ஏட்டளவில் நின்ற விதிகளும் போதுமானவையாக இருந்தன. பழைய ‘விக்ரம்’ மீது வைக்க வேண்டிய கடுமையான குற்றச்சாட்டும் இதுதான்: பயங்கரத்துக்கு ஒரு வில்லன் அவசியம் என்று அது நம்பியது. வில்லனை அகற்றிவிட்டால் ஆபத்தும் அகன்றுவிடும் என்றும் நம்பவைத்தது. 1979இல் வெளியான ‘தி சைனா சிண்ட்ரோம்’ படத்தில் அப்படி வெளியிலிருந்து வந்த பயங்கரவாதி இல்லை. அலட்சியமும் லாபக் கணக்கும்தான். அது வெளியான பன்னிரண்டாம் நாள் த்ரீ மைல் தீவு அணு உலையில் விபத்து நேர்ந்தது.

ஆயினும் குண்டைப் பார்த்த அந்தக் கண்ணையாவது நம் சினிமா காப்பாற்றியிருக்கலாம். 2022இல் பெயரையும் நாயகனையும் எடுத்துக்கொண்டவர்கள் ஏவுகணையை விட்டுவிட்டுப் போதைப்பொருளைக் கையிலெடுத்தார்கள். இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் குண்டுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கூடங்குளத்தில் இரண்டு உலைகள் இயங்கத் தொடங்கி, மேலும் நான்கு எழும்பிவருகின்றன. அச்சம் மட்டும் படத்திலிருந்து விடைபெற்றுக்கொண்டது. அதைப் பற்றி எந்த விமர்சகரும் வருந்தியதாக நம் கண்ணில் படவில்லை.

அடுத்த கூடுகையில் பழைய படத்தைத் திரையிடலாம் என்றிருக்கிறோம். சலாமியா பாடல்கள் வரும்போது வெளியே போய்த் தேநீர் அருந்திவிட்டு வரலாம். கணினியின் முன் உட்காரும் காட்சிகளுக்கு மட்டும் தவறாமல் திரும்பிவிடுங்கள்.