கடனுக்கு அறிவித்தல் உண்டு, பங்குக்கு ஏன் இல்லை?



நமதூரில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் ஓர் அறிவித்தல் வரும்: "மௌத்தானவர் யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்." நல்ல வழக்கம். ஆனால் "மௌத்தானவருக்கு இன்ன கடையில் பாதிப் பங்கு இருக்கிறது, பங்காளி கணக்குக் காட்டட்டும்" என்று நாம் ஒரு நாளாவது அறிவித்திருக்கிறோமா?

இதன் விளைவைப் பாடசாலையில் நாங்கள் பார்க்கிறோம். நேற்றுவரை கடை முதலாளியின் பிள்ளை; வாப்பா மௌத்தாகி ஒரு வருஷத்தில் கொப்பி வாங்க ஸகாத் பட்டியலில் பெயர். கடை திறந்துதான் இருக்கிறது. பெயர்ப்பலகையும் அதேதான். பங்காளி மாதாமாதம் அனுப்பும் சிறு தொகையை ஊர் 'உதவி' என்கிறது. அது உதவியல்ல, அந்தப் பிள்ளையின் ஹக்.

"இத்தா முடியட்டும்" என்கிறோம். நான்கு மாதமும் பத்து நாளும் போவதற்குள் சரக்கு விற்று முடிகிறது, கணக்குக் கொப்பி காணாமல் போகிறது. கணக்கு எடுக்க உம்மா கடைக்குப் போகத் தேவையில்லை; அவருடைய நானாவோ சட்டத்தரணியோ போகலாம்.

"கோட்டுக்குப் போனால் ஷரீஅத் போய்விடும்" என்பது அடுத்த கதை. உண்மை நேர்மாறானது. மரண சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து ஷரீஅத் படியே பிரிய வேண்டும் என்பது 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். அந்த வழக்கு காதியிடம் அல்ல, மாவட்ட நீதிமன்றத்தில். சொத்தை நிர்வகிக்கும் பத்திரத்தை நீதிமன்றம் ஒருவருக்குக் கொடுத்தால், பங்காளியிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் அவருக்கு வரும்.

கடனும் வஸிய்யத்தும் போக, மனைவி, இரண்டு ஆண் பிள்ளைகள், ஒரு பெண் பிள்ளை மாத்திரம் இருந்தால் 40 பங்கில் உம்மாவுக்கு 5, மகன்மாருக்குத் தலா 14, மகளுக்கு 7. நான்காம் வகுப்புக் கணக்கு. இதைச் செய்யாமல் "பேசித் தீர்ப்பம்" என்று பத்து வருஷம் இழுப்பதா குடும்ப மானம்?

வழக்குக்குக் காலமும் காசும் போகும், மறுக்கவில்லை. அதனால்தான் உயிரோடு இருக்கும்போதே எழுதச் சொல்கிறோம். மூலதனம் 1000 ரூபாவைத் தாண்டினால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு பங்காளி மௌத்தானால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பங்குடைமை அங்கேயே முடிகிறது என்பதும் சட்டம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம். நாமோ "நம்பிக்கை" என்று சொல்லி வாய்ப்பேச்சில் கடை நடத்துகிறோம். அந்த நம்பிக்கையின் விலையைக் கட்டுவது அநாதைகள்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் நாம் கேட்பது இரண்டுதான். பங்கு வியாபாரம் செய்பவர்கள் ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று குத்பாவில் சொல்லுங்கள். ஜனாஸா அறிவித்தலில் கடனோடு பங்கையும் சேருங்கள்.

பங்காளிமாரே, கபுறில் மண் போட முதல் ஆளாக நின்றீர்கள். கணக்குக் கொப்பியோடும் முதல் ஆளாக வாருங்கள்.