சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்!

சென்னையிலிருந்து திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ காரில் போகிறவர்களுக்கு விக்கிரவாண்டி சுங்கச்சாவடி நன்றாகவே தெரியும். பொங்கல், தீபாவளி என்றால் வண்டிகள் ஊர்ந்துதான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்து, வண்டி இழுவை குறைந்து திணறினால்?

பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஸ்கேனரைச் செருகுகிறார். 'பி0107' என்று வருகிறது. "மேப் சென்சார் போச்சு சார், மாத்திடலாம்." மாற்றியாகிறது. விழுப்புரம் தாண்டியதும் மறுபடி அதே விளக்கு! பணமும் போச்சு, நேரமும் போச்சு. வாடகை வண்டி ஓட்டுநர் என்றால் அன்றைய சவாரியும் போச்சு.

தவறு ஸ்கேனருடையது அல்ல. இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது மேப் சென்சார். பி0107 என்றால் 'அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு' என்றுதான் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. சர்க்யூட் என்றால் சென்சார், ஒயர்கள், கனெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான். எலி கடித்த ஒயரும், மழைநீர் இறங்கிப் பச்சை பூத்த கனெக்டரும் இதே கோடைக் கொடுக்கும்.

கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இந்த சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்கள்: கம்ப்யூட்டர் அனுப்பும் 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து பார்த்தால் முதல் ஒயரில் 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் புது சென்சார் போட்டும் பயனில்லை. பல வண்டிகளில் அதே 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் போகிறது. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் படுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். விக்கிரவாண்டி போன்ற சமவெளியில் அது சுமார் 100 கிலோபாஸ்கல். ஊட்டி உயரத்தில் 80-க்கும் கீழே. ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால், சாதாரண பெட்ரோல் வண்டியில் அது பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். ஒயர்கள் சரியாக இருந்தும் இந்தக் கணக்கு உதைத்தால், அப்போது சென்சார் மேல் சந்தேகப்படலாம்.

(ஒரு எச்சரிக்கை: எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு வேறு. அது ஆயில் பிரஷருக்கானது. எரிந்தால் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.)

இவ்வளவு எளிது என்றால் ஏன் பலர் செய்வதில்லை? மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. புது சென்சார் போட்டால் பில்லில் எழுதலாம். அரைமணி நேரம் ஒயர் தேடியதற்குக் காசு கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று சண்டைக்கு வருகிறோம். பொருளுக்குக் கொடுக்க மனம் வருகிறது, மூளைக்குக் கொடுக்க வருவதில்லை. டாக்டரிடம் மட்டும் மருந்துக்குத் தனியாக, பார்த்ததற்குத் தனியாகக் கொடுக்கிறோமே!

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் நான்கு கார்களுக்கு 2010-ல் முதல் கட்டமாகவும் 2013-ல் இரண்டாம் கட்டமாகவும் இந்தக் கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு வந்தபின் சென்சார்கள் இன்னும் கூடிவிட்டன. சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கிற வைத்தியம் இனி கட்டுப்படியாகாது.

ஆகவே சோதனைக்கென்று ஒரு கட்டணத்தை ஒர்க்‌ஷாப்கள் தைரியமாகப் பலகையில் எழுதி வைக்கட்டும். வண்டிக்காரர்களும் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். தேவையில்லாமல் வாங்கும் ஒரு சென்சாரை விட அது நிச்சயம் மலிவு. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்கேனர் விலாசத்தின் தெருப்பெயரைத்தான் சொல்லும். வீட்டைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரோடு நீங்கள்தான் நடக்க வேண்டும்.