கழிவுக் குளமும் தொழிலாளர் உயிரும்

நீரைக் கெடுப்பவன் ஒருவன்; அதன் துன்பத்தை அனுபவிப்பவன் வேறொருவன். பினாங்கு மக்களுக்கு இது புதிய பாடமன்று. 1970-ஆம் ஆண்டுகளில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றில் கலந்தபோது பிழைப்பை இழந்தவர்கள் குவாலா ஜூரு மீனவர்களே.

நமது ரப்பர் தொழிலும் இக்குற்றத்துக்கு விலக்கன்று. பாலை அமிலமிட்டு உறைய வைத்தபின் எஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் கரைந்து கிடக்கின்றன. அதை ஓடையில் விட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று பெருகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

அதே நுண்ணுயிர்களுக்குக் குளம் வெட்டிக் கொடுத்தால், கழிவை அங்கேயே தின்று தீர்க்கும். முதலில் காற்றுப் புகாத ஆழமான குளம். அடுத்து, வெயிலில் பாசி வளர்ந்து பிராணவாயு ஊட்டும் ஆழமற்ற குளம். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1978-இல் கச்சா ரப்பர் ஆலைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. ஆலைக் கழிவைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடுவது அன்றே சட்டப்படி குற்றமாயிற்று. ஜார்ஜ்டவுன் வீடுகளின் கழிவை ஜெலுத்தோங் நிலையத்தில் சுத்தம் செய்வதும் நுண்ணுயிர்களே.

நுண்ணுயிர் சம்பளம் கேட்பதில்லை. ஆயினும் அதற்கும் இடம் வேண்டும், அவகாசம் வேண்டும். உற்பத்தியைப் பெருக்கிவிட்டுக் குளத்தைப் பெருக்காத நிர்வாகமும், வண்டலை அள்ளாமல் விடும் நிர்வாகமும், அந்த அவகாசத்தைத் திருடுகின்றன. கழிவு அரைகுறையாக ஆற்றுக்குப் போகிறது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. அடர்பால் ஆலைகளில் நீர்த்த பாலை உறைய வைக்கக் கந்தக அமிலம் ஊற்றப்படுகிறது. காற்றில்லாக் குளத்திலும் தொட்டியிலும் நுண்ணுயிர்கள் அக்கந்தகத்தை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த வாயு மிகுந்தால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. காற்றைவிடக் கனமானதால் பள்ளத்தில் தேங்கும். வண்டல் அள்ள இறங்கியவன் விழுவான். அவனைத் தூக்க ஓடியவனும் விழுவான்.

எனவே நாம் கேட்பது இவை: வாயுவை அளந்து பார்க்காமல், காற்றோட்டம் செய்யாமல் எவரையும் தொட்டியில் இறக்கலாகாது. வெளியே காவலாள் நிற்க வேண்டும். இவ்வேலைக்குப் பயிற்சியும் உரிய கருவியும் தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால், அயல்நாட்டவன் என்பதால், உயிர் மலிவாகிவிடாது.

2024 ஜூன் முதல், 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு நமக்கு ஓர் ஆயுதம். உடனடி ஆபத்து உண்டென நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை அகற்றத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலக உரிமையுண்டு. தோழர்களே, அந்த உரிமையை அறிந்து வைத்திருங்கள்!

கிராணிமார்களுக்கும் ஒரு சொல். குளத்துக் கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. பார்த்ததை எழுதுங்கள்; பார்க்காததை எழுதாதீர்கள். பொய்க் கணக்கு முதலில் காவு கொள்வது நம்மில் ஒருவரைத்தான்.