பாடறவர் எப்ப சார் வருவார்?

கிதார் மட்டும் தனியா ஒலிக்கற இசையைப் பத்திப் பேச்செடுத்தாலே ரெண்டு வகை ஆளுங்க ஆஜர். முதல் வகை, "நல்லாத்தான் இருக்கு, பாடறவர் எப்ப வருவார்?"னு கேக்கறவங்க. வரி இல்லாட்டி இவங்களுக்கு அது ஓட்டல் லிஃப்ட்ல ஓடற சமாச்சாரம். ரெண்டாவது வகை, "மச்சி, கிதாரைத் தபேலா மாதிரி தட்டறான் பாரு"ன்னு சுட்டி அனுப்பறவங்க. ரெண்டு தரப்போடயும் எனக்குச் சண்டை இருக்கு.

ஃபிங்கர்ஸ்டைல்ல பெரும்பாலும் கட்டைவிரல் தடிச்ச கம்பிகள்ல பேஸையும் தாளத்தையும் பாத்துக்கும். மத்த விரல்கள் மெல்லிய கம்பிகள்ல மெட்டை எடுக்கும். எல்லாம் ஒரே கை. பொட்டி தட்டற நாம ஃபோன் பேசிக்கிட்டே மெயில் அடிச்சா ரெண்டுமே சொதப்புது!

வித்தை பாக்கற கோஷ்டிக்கு ஒரு கதை. இளவயசுல செட் அட்கின்ஸ், மெர்ல் டிராவிஸ் வாசிக்கறதை ரேடியோவுலதான் கேட்டார். டிராவிஸ் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே வச்சு வாசிச்சவர். அது அட்கின்ஸுக்குத் தெரியாது. ரேடியோவுல விரலா தெரியும்? காதுல விழுந்ததை நம்பி, கட்டைவிரலோட மூணு விரலைச் சேர்த்துத் தனக்குன்னு ஒரு பாணியே உண்டாக்கிட்டார். ஆக, இந்தக் கலையோட பெரிய பாணி ஒண்ணு கண்ணால பாக்காமப் பொறந்தது. 2006-ல யூட்யூப்ல வந்த ஆண்டி மெக்கீயோட 'டிரிஃப்டிங்'கை ஒருதடவை திரையை மூடிட்டுக் கேளுங்க. அப்பவும் புடிச்சிருந்தா பேசலாம்.

இப்ப வரி கேக்கறவங்க. "வீணைக் கச்சேரியில வரி இருக்கா?"ன்னு மடக்கலாம்தான். ஆனா செல்லாது. கீர்த்தனை தெரிஞ்சவர் மனசுக்குள்ள சாகித்யத்தை ஓட்டிக்குவார். இங்க பல உருப்படிகளுக்கு அந்த வசதியும் கிடையாது. இது சோகமா, யாரோட காதல்னு யாரும் எடுத்துக் கொடுக்கறதில்ல. எனக்குப் புடிச்சதே அதுதான்.

எலிசபெத் காட்டனைக் கேட்டிருக்கீங்களா? வட கரோலினாக்காரர், கறுப்பினப் பெண்மணி, இடதுகைப் பழக்கம். வலதுகைக்காரங்க கிதாரைக் கம்பி மாத்தாம அப்படியே தலைகீழாத் திருப்பிப் புடிச்சார். பேஸ் விரலுக்குப் போச்சு, மெட்டு கட்டைவிரலுக்கு வந்துச்சு. நடுவுல பல வருஷம் கிதாரைத் தொடல, வீட்டுவேலை செஞ்சார். 1958-ல முதல் ஆல்பம் வந்தப்ப வயசு அறுபதைத் தாண்டியாச்சு. பாடத் தெரியாதவர் இல்லை, 'ஃபிரைட் டிரெயின்' அவரே எழுதிப் பாடினதுதான். ஆனா 'வில்சன் ராக்'ல வெறும் கிதார் மட்டும். அதுக்கு வரி எழுத மறந்துட்டார்னா சொல்றீங்க?

கேட்டுட்டுச் சண்டைக்கு வாங்க, பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)

டிஸ்கி: ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க சாமி. லேப்டாப் ஸ்பீக்கர்ல பேஸ் பாதி காணாமப் போயிடும்.