குறை சொல்ல ஆள் வேண்டும்

கையில் செல்போன் இல்லாத ஆளே இல்லை, இதில் புகைப்படக் கழகம் எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். குறை கேட்பதற்கு என்றேன். சிரித்தார்.

திருச்சியில் நான் சேர்ந்திருப்பது சின்னக் கழகம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பள்ளிக்கூட ஹால், ப்ரொஜெக்டர், டீ, வடை. பெல் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், மெடிக்கல் ஷாப்காரர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள்; பெண்கள் என்று பார்த்தால் நாங்கள் நாலைந்து பேர். எடுத்தவர் யார் என்று சொல்லாமல் படத்தைத் திரையில் போடுவார்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது.

போன கூட்டத்தில் காந்தி மார்க்கெட் படம் ஒன்று வந்தது. வாழைத்தார் சுமந்து வருகிறவர், பக்கவாட்டில் காலை வெயில், வியர்வைத் துளிகூடத் தெளிவு. இன்ஸ்டாகிராமில் இதயமாய்க் குவிந்திருக்கும். பின்வரிசைப் பெரியவர், “தலையில கம்பம் முளைச்சிருக்கு, பாருங்க” என்றார். பார்த்தோம். பின்னால் இருந்த மின்கம்பம் அந்த மனிதரின் உச்சந்தலையிலிருந்து நேரே கிளம்பி நின்றது. “ரெண்டடி தள்ளி நின்னிருந்தா விலகியிருக்கும். நேரமில்லையா, லென்ஸ் துளையைப் பெருசாக்கி, எஃப் 8-ஐ விட்டுட்டு 2.8 வச்சிருக்கலாம், கம்பம் கலங்கிப் போயிருக்கும்.” எடுத்த பையன் மறு வாரமே அதே சந்துக்குப் போய்விட்டான். லைக் போடுகிற நூறு பேரில் ஒருவர் இதைச் சொல்லியிருப்பாரா?

ஆனால் கழகங்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. சலோன் என்கிற சர்வதேசப் போட்டிகள் வந்துவிட்டால் இந்தப் பேச்சே நின்றுவிடுகிறது. தேர்வான படங்கள் சேரச் சேர, பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். நடுவர்கள் ஒரு படத்தைப் பார்ப்பது சில விநாடிதான். அதற்குள் கண்ணைப் பிடிக்க என்ன வேண்டும்? புழுதி கிளப்பும் ஆட்டு மந்தை, சுருக்கம் விழுந்த கிழவர், எதிர்வெயிலில் விரியும் வலை. ஆகவே வேன் பிடித்துப் போய், காசு கொடுத்து வலை வீசச் சொல்லி, வரிசையாக நின்று ஒரே கோணத்தில் சுடுகிறார்கள். அங்கே மீன் இருக்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

இப்படிப்பட்ட கழகங்கள் புதிதல்ல; சென்னையில் புகைப்படச் சங்கம் 1857-லேயே தொடங்கிவிட்டது. ஓவியப் பள்ளி நடத்திய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சி அது. மறு வருடம், அரசாங்கப் புகைப்படக்காரரான லினேயஸ் டிரைப் இந்தப் பக்கம் வந்து மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டினார். பதக்கம் அவருக்கும் கசக்கவில்லை, 1855 சென்னைப் பொருட்காட்சியில் வாங்கியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கல்வெட்டு வரிசை இன்றைய சலோனில் முதல் சுற்றையே தாண்டாது.

டிரைப் செய்ததுபோல நாமும் செய்யலாமே என்றுதான், இடம் மாற்றப்போவதாக வெகுகாலமாகப் பேசப்படும் காந்தி மார்க்கெட்டை, கடை கடையாக, மூட்டை தூக்குகிறவர் பெயரோடு, ஒரு வருடம் எல்லோரும் சேர்ந்து எடுப்போம் என்று கமிட்டியில் சொன்னேன். நல்ல யோசனை மேடம், சலோன் கடைசித் தேதி முடியட்டும் என்றார்கள். அது முடிந்தால் இன்னொரு சலோன் வரும். அடுத்த கூட்டத்திலும் கேட்கத்தான் போகிறேன்.