பாகப்பிரிவினையும் வாக்குப்பெட்டியும்

கூட்டாக வாழும் நாடுகளுள் ஒன்று அக்கூட்டினின்றும் விலக விரும்புமாயின், அதனைத் தன் குடிகளின் வாக்கைக் கொண்டு முடிவு செய்தல் முறையாகுமா? இவ்வினா இவ்வாண்டு எம் வகுப்பு மாணவரிடையே விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. 2016-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகுவதென்று பிரிட்டானிய மக்கள் அளித்த தீர்ப்பே விவாதத்தின் கருப்பொருள். யாம் ‘முறையே’ என்னும் கட்சியில் நின்று பேசினோம். நூற்றுக்கு 51.9 பங்கினர் விலகலையும், 48.1 பங்கினர் நிலைத்தலையும் வேண்டினர். பெரும்பான்மையோர் சொல்லே நாட்டின் சொல். அதற்குமேல் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்று மேசையைத் தட்டி முழங்கினோம். கைதட்டல் மிகுதியாகக் கிடைத்தது. எம் கட்சியே வென்றது.

அவ்வெற்றிக் களிப்போடு விடுமுறைக்கு எம் ஊராகிய சின்னாளப்பட்டிக்குச் சென்றோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சிறுமலை கண்ணுக்குத் தெரியும் சமவெளியில், சேலை நெசவாற் பெயர்பெற்றது எம் ஊர். எம் வீட்டில் தறி இல்லை. தந்தையார் நூற்கடையில் கணக்கெழுதுபவர். எனினும் அண்டை வீட்டுத் தறியோசையே எமக்குத் தாலாட்டாயிருந்தது. அன்றிரவு எம் பாட்டியாரிடம் விவாதத்தின் கதையைப் பெருமையோடு உரைத்தோம். அவர் 1950-ஆம் ஆண்டு இரங்கூனிற் பிறந்தவர்; பதினான்காம் வயதில், ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு வேதப்புத்தகத்தோடும், பெற்றோருடன் கப்பலேறித் தமிழ்நாடு வந்து சேர்ந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டபின், “ஓட்டுப் போட்டவங்க வேற, கப்பலேறினவங்க வேற, ராசா,” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு விளக்கைக் குறைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

அவ்வொரு வார்த்தைக்கு விடையளிக்கும் ஆற்றல் அன்று எமக்கில்லை. கல்லூரிக்குத் திரும்பியபின் நூல்நிலையத்திற் பர்மாவின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்ததனால் எமது கொள்கையின் ஒரு பாதி நின்றது. மற்றொரு பாதி மாறியது. அதனை அன்பர்கள் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பர்மா நாடு 1826, 1852, 1885 ஆகிய ஆண்டுகளில் முடிந்த மூன்று போர்களால் ஆங்கிலேயர் கைப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக ஆளப்பட்டு வந்தது. ஆகவே நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் இரங்கூன் செல்பவன் அயல்நாடு செல்பவனாகக் கருதப்படவில்லை. ஒரே அரசின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செல்பவனாகவே கருதப்பட்டான். இடையே சுங்கமில்லை, அனுமதிச் சீட்டுமில்லை. பர்மிய அரிசி இங்கு வந்தது. நம்மவரின் உழைப்பும் முதலும் அங்குச் சென்றன. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். இரங்கூன் நகர மக்களுள் அவர்கள் பாதிக்கு மேற்பட்டவர். இஃது ஆட்சியாலும் வாணிகத்தாலும் இணைந்த ஓர் ஒன்றியமே என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒன்றியத்தின் நன்மை எல்லார்க்கும் ஒப்பப் பங்கிடப்படவில்லை. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930-ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசமிருந்த விளைநிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. உழவர் கடனைத் திருப்பவியலாது நின்றனர். ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தார்க்குச் சேர்ந்தன. 1938-ஆம் ஆண்டிற்குள் அவ்வாறு பங்கு இருபத்தைந்தாயிற்று. தன் பாட்டன் திருத்திய கழனியில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவன், இவ்வொன்றியம் எனக்கு எதற்கு என்று கேட்டானாயின், அவனைக் குறை கூற யாம் துணியோம். பிரிய விரும்பினார் அனைவரும் நம்மைப் பகைத்தார் என்று எழுதுவோர் நிலவரலாற்றை அறியாதார்.

பிரிவினையைப் பரிந்துரைத்துச் சைமன் குழு 1930-இல் அறிக்கை வெளியிட்டது. இலண்டனில் பர்மாவுக்கெனத் தனியே வட்டமேசை மாநாடு நடந்தபின், 1932-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சட்டசபைத் தேர்தல் வந்தது. இந்தியாவினின்றும் பிரிவதா, வரவிருக்கும் இந்தியக் கூட்டாட்சியிற் சேர்வதா என்பதே அத்தேர்தலின் வினா. முடிவு பலர்க்கும் வியப்பளித்தது. பிரிவினையை எதிர்த்தார் 42 இடங்களையும், ஆதரித்தார் 29 இடங்களையும் பெற்றனர்.

பர்மிய மக்கள் இந்தியாவோடு இருக்கவே விரும்பினர் என்று இதற்குப் பொருள் கொள்வோமாயின் பிழைபடுவோம். எதிர்த்தாருட் பலர் அஞ்சியது வேறு. இந்தியாவைவிட்டு நீங்கினால், இந்தியாவுக்குக் கிடைக்கும் அரசியல் உரிமைகளும் தமக்குக் கிட்டாமற் போகுமோ என்பதே அவர்தம் அச்சம். கூட்டாட்சியிற் சேரலாம், ஆனால் வேண்டும்போது விலகும் உரிமை வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஆங்கில அரசோ, சேர்ந்தால் விருப்பம்போல் விலகவியலாது என்று கூறிவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டசபை, காட்டப்பட்ட பிரிவினையையும் வேண்டாம், கட்டுப்பாடுள்ள சேர்க்கையையும் வேண்டாம் என்னும் பொருள்படத் தீர்மானித்தது. வினா இரண்டே விடைகளைத் தந்தது. மக்கள் மனத்தில் இருந்ததோ மூன்றாவது விடை. இறுதியில் அரசே முடிவு செய்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா பிரிந்தது. பிரிவினையை எதிர்த்த தலைவர்களுள் ஒருவரான டாக்டர் பா மாவே பிரிந்த பர்மாவின் முதல் பிரதமரானார்!

இவ்வளவில், வாக்களித்தார் கதை முடிந்தது. பாட்டியார் சொன்ன கப்பலேறினார் கதை இனிமேற்றான் தொடங்குகின்றது.

அத்தேர்தலில் இந்தியர்க்கெனச் சில இடங்கள் இருந்தன. ஆயினும் வாக்குரிமை வரி முதலிய தகுதிகளைச் சார்ந்து நின்றமையின், துறைமுகத்தில் மூட்டை சுமந்தாரும் கழனியிற் கதிரறுத்தாருமாகிய கூலியாட்களுட் பெரும்பாலார் வாக்குச்சாவடியை அறியார். எம் பாட்டியாரின் தந்தையாரும் அவருள் ஒருவர். பிரிவினை வந்தபோது சரக்குகளின் நிலை ஆராயப்பட்டது. சில ஆண்டுகட்குச் சுங்கவரியின்றிப் பழைய வாணிகமே தொடர வழி செய்யப்பட்டது. அரிசி மூட்டைக்குக் கிடைத்த அவ்வுறுதி அதனைச் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தியரின் வருகையைப் பற்றிய உடன்படிக்கை 1941-ஆம் ஆண்டிற்றான் கையெழுத்தாயிற்று. இந்தியாவிற் கடும் எதிர்ப்புக்குள்ளான அது நடைமுறைக்கு வருமுன் போர் வந்துவிட்டது. 1942-இல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு நீங்கினர். காட்டுவழியே நடந்தாருள் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். பாட்டியாரின் தந்தையார் நடந்து பிழைத்தார். போர் ஓய்ந்ததும் பிழைப்புத் தேடி மீண்டும் அங்கேயே சென்றார். 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் வெளியேறினர். அக்கூட்டத்தில் ஒரு சிறுமியாக வந்தவரே எம் பாட்டியார். அங்கு அவரை இந்தியக்காரி என்றனர். இங்கு வந்தபின் தெருவார் பர்மாக்காரி என்றனர்.

1937-ஆம் ஆண்டுப் பிரிவினையே 1964-ஆம் ஆண்டுத் துயருக்குக் காரணமென்று யாம் சாதிக்கவில்லை. இடையே உலகப்போரும், விடுதலையும், இராணுவ ஆட்சியும் வந்தன. எனினும், பிரியும்போதே தீர்க்கவேண்டிய கணக்கொன்று தீர்க்கப்படாது நின்றது என்பதனை மறுத்தல் அரிது. இங்குப் பிறந்து அங்கு உழைக்கும் மனிதன் எந்நாட்டவன்? அவன் உரிமை யாது? இவ்வினாவை அன்று முடிவாகத் தீர்த்தாரில்லை.

பிரிட்டனில் நிகழ்ந்ததும் இதற்கு மிக வேறன்று. நிலைப்பதா விலகுவதா என்பதே 2016-இற் கேட்கப்பட்ட வினா. விலகினால் எவ்வாறு, எந்த உடன்படிக்கையோடு என்பது வாக்குச் சீட்டில் இல்லை. அதனை முடிவு செய்வதிலேயே ஆண்டுகள் கழிந்தன. பிரதமர் இருவர் பதவி துறந்தனர். 2020 ஜனவரி 31-ஆம் நாளிற்றான் விலகல் நிறைவேறிற்று. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் நிலைக்கவே வாக்களித்திருந்தன. அந்நாட்டில் வாழ்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தார் முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர். அயர்லாந்து முதலிய இரண்டொரு நாட்டாரை ஒழிய, ஏனையோர்க்கு அவ்வாக்கெடுப்பில் இடமில்லை. அவர்கள் தொடர்ந்து வாழ்வதற்கான பதிவுத் திட்டம் முழுமையாகத் திறக்கப்பட்டது 2019-இல். இடைப்பட்ட காலமெல்லாம் அவர்கள் தம் வீட்டிலேயே விருந்தினராயிருந்தனர்.

இனி, எம் ஊர் வழக்கமொன்றைச் சொல்லுகின்றோம். அண்ணன் தம்பியர் பாகம் பிரிக்க விரும்பினால், பிரியக்கூடாதென்று பெரியோர் தடுப்பதில்லை. பிரிதல் அவரவர் உரிமை. ஆனால் பிரிவதாக முடிவு செய்த அன்றே அடுப்பைப் பிரிப்பதுமில்லை. தறிகள் எத்தனை, பாவு நூல் எவ்வளவு, கொடுக்கவேண்டிய கடன் யாது என்று பட்டியல் எழுதுவர். அதற்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்பர்: “அத்தை எந்த வீட்டில் இருப்பார்? தங்கையின் திருமணச் செலவு யாருடையது?” பாகத்திற் கையெழுத்திடும் உரிமை அத்தைக்குப் பல வீடுகளில் இருந்ததில்லை, அது தனியே ஒரு குறை. எனினும் அவருக்கு ஓரிடம் குறிக்காமல் நடுவர் எழுந்து போவதில்லை. படியாத பெரியோர் திண்ணையில் கடைப்பிடித்த இம்முறையைப் பேரரசுகளின் மாநாடுகள் கடைப்பிடித்தில என்பது வியப்பன்றோ?

‘இவ்வாறு நிபந்தனைகளை அடுக்கினால், பிரிவை விரும்பாத செல்வாக்குடையார் கணக்கெழுதும் சாக்கிலேயே காலத்தைக் கடத்திவிடுவர்’ என்று எம் கட்சித் தோழர் ஒருவர் மறுத்தார். நல்ல மறுப்பு. அதற்குப் பரிகாரம் காலவரையறையேயன்றிக் கணக்கை ஒழித்தலன்று. பிரிவதா என்று ஒருமுறை கேட்க. இத்தனை திங்களுக்குள் நிபந்தனைகளை எழுதி வெளியிடுக. எழுதியதைக் காட்டி மீண்டும் ஒருமுறை கேட்க. முதல் வாக்கு விருப்பத்தை அறிவிக்கும். இரண்டாம் வாக்கு பொறுப்பை ஏற்கும். வாக்கில்லாது வாழ்வோரின் உரிமையோ, எவ்வாக்குக்கும் முன்னரே உறுதி செய்யப்படல் வேண்டும். அதனைப் பேரம் பேசும் பொருளாக வைத்தல் அறமன்று.

கூட்டைக் காக்க விரும்புவோர்க்கும் ஒரு சொல் உண்டு. சாலொமோன் மறைந்தபின், இஸ்ரவேலர் சீகேமிற் கூடி, தம்மேலுள்ள நுகத்தை இலேசாக்குமாறு அவன் மகன் ரெகொபெயாமை வேண்டினர். அவன் முதியோர் ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த வாலிபர் சொல்லைக் கேட்டுக் கடுமையாக விடையளித்தான்; பத்துக் கோத்திரங்கள் பிரிந்தன; இரு நாடுகளுக்கும் இடையே நெடுங்காலம் போர் நிகழ்ந்தது. நுகத்தைப் பற்றிய முறையீட்டை உரிய காலத்திற் கேட்டிருப்பின் பிரிவே நேர்ந்திராது. மேசையைத் தட்டி முழங்கும் எம்மையொத்த வாலிபர்க்கும் அக்கதையில் ஒரு பாடம் உண்டென்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்ளுகின்றோம்.

இவையெல்லாம் பிறநாட்டுச் செய்திகளென்று தள்ளிவிடுதற்குமில்லை. இன்று திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் வடமாநிலத்திலிருந்து வந்த இளைஞரும் பெண்களும் உழைக்கின்றனர். அவர்கள் அயலாரல்லர், இந்நாட்டுக் குடிகளே. எனினும் அவர்களுட் பலருடைய வாக்கு இன்னும் சொந்த ஊரிலேயே இருக்கின்றது. உழைப்பு மட்டும் இங்கே இருக்கின்றது. ‘இவர்கள் எதற்கு வந்தார்கள்?’ என்னும் பேச்சைத் தேநீர்க் கடைகளில் யாம் கேட்டதுண்டு. அன்று இரங்கூனில் நம்மவரைப் பற்றி எழுந்த பேச்சும் அதுவே. இரு கரையிலும் நின்று பார்த்த குடும்பங்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களேனும் வாய் திறத்தல் வேண்டும்.

அமைச்சர்க்குரிய வன்மைகளை எண்ணுமிடத்து வள்ளுவனார், பகைவரின் துணையை விலக்குதலையும், தம்மவரைப் போற்றிக் காத்தலையும் கூறி, விலகிச் சென்றாரை மீண்டும் சேர்த்தலையும் உடன் வைத்தார். பிரியும்போதே கணக்கை நேர்மையாகத் தீர்த்துக்கொண்டவரே பிற்காலத்தில் மீண்டும் ஒரு பந்தியில் அமரவல்லார்.

அடுத்த ஆண்டும் இவ்வினாவே விவாதத்திற்கு வருமாயின், யாம் ‘முறையே’ என்னும் கட்சியிலேயே நிற்போம். ஆனால் வாக்குப்பெட்டியைத் திறக்குமுன், கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவருமாறு கேட்போம். அதன் முதற்பக்கத்தில், கப்பலேறக் கூடியவர் பெயர்கள் எழுதப்பட்டுள்ளனவா என்று பார்ப்போம்.