உஸ்!

மனிதனை மனிதன் கூப்பிடுவதற்கு நம் நாட்டில் சொற்பஞ்சம் வந்துவிட்டது போலிருக்கிறது. பெயர் இருக்கிறது, அண்ணன், தம்பி, ஐயா என்று முறைகள் மலிந்து கிடக்கின்றன. இருந்தும் நாம் ‘உஸ்’ என்கிறோம்.

வாணியம்பாடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். என் எதிரே இருந்தவர் சலவை வேஷ்டியும் மூக்குக் கண்ணாடியுமாக, பார்த்தாலே படித்தவர் என்று தெரிகிறவர். பரிமாறுகிற கிழவரைப் பார்த்து ‘உஸ்’ என்றார். கிழவர் திரும்பவில்லை. மறுபடியும், ‘உஸ்... உஸ்...!’ திரும்பியது யார் தெரியுமா? வாசற்படியில் படுத்திருந்த நாய்!

நான் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். “சத்தம் போட்டால்தானே சார் அநாகரிகம்? நான் மெதுவாகத்தானே கூப்பிட்டேன்?” என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

மெதுவாகக் கூப்பிடுவதை யார் வேண்டாம் என்றது? தொல்காப்பியர் இதற்காக விளிமரபு என்று ஓர் இயலையே ஒதுக்கி வைத்திருக்கிறார். தூரத்தில் இருப்பவனைக் கூப்பிட ஓசையை நீட்டலாம். அருகில் இருப்பவனுக்கு அது வேண்டாம். ‘சோழா’ என்பது பக்கத்தில் வந்தால் ‘சோழ’ என்று குறுகிவிடும். அண்மை விளி என்பது அதுதான். குரலைக் குறைத்தாரே ஒழிய, ஆளையே குறைத்துவிடவில்லை அவர். ‘உஸ்’ஸோ, காயப்போட்ட நெல்லைக் கொத்த வரும் கோழியை விரட்டுவதற்கும், அழுகிற குழந்தையின் வாயை அடைப்பதற்கும் ஏற்பட்டது. விரட்டுகிற ஓசையாலேயே ஒருவனை வா என்று அழைக்கும் சாமர்த்தியம் நமக்குத்தான் உண்டு. (நானும் யோக்கியன் அல்ல, பஸ் கண்டக்டர்களைப் பல வருஷங்கள் இப்படியே அழைத்தவன்.)

“வீட்டில் ‘ஏங்க’ என்கிறார்களே, அது மட்டும் பெயரா?” என்று சகோதரிகள் கேட்கக் கூடும். அந்த ஊரில் உருது பேசும் வீடுகளில் ‘அஜி, சுனோ’ என்பார்கள். பெயரை விழுங்குகிற அந்த வழக்கத்தோடு எனக்குத் தனிச் சண்டை உண்டு; வேறொரு நாள் வைத்துக் கொள்கிறேன். ஆனால் ‘ஏங்க’வில் ஒரு ‘ங்க’ இருக்கிறது. ‘சுனோ’வுக்கு முன்னால் ஓர் ‘அஜி’ இருக்கிறது. ‘உஸ்’ஸில் என்ன இருக்கிறது? வெறும் காற்று!

அதே ஊரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றுக்குள் போயிருக்கிறேன். பெரிய மர டிரம்கள் உருளுகிற இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. சுண்ணாம்புத் தொட்டியோரம் நின்றவர் எதிர்க்கோடியைப் பார்த்து, “பாய்!” என்று கூவினார். “என்னண்ணே?” என்று பதில் வந்தது. அத்தனை இரைச்சலிலும் அவர்களால் சகோதரர்களாக இருக்க முடிகிறது. மின்விசிறி மட்டும் சுழலுகிற ஹோட்டலில் நம்மால் முடியவில்லை.

கடைசியில் நான், “பெரியவரே” என்றேன், மெதுவாகத்தான். கிழவர் உடனே வந்தார்.

“இதோ சார், முதல்லே இவருக்கு என்ன வேணும்னு கேட்டுக்கறேன். ரொம்ப நேரமாக் கூப்பிடறாரு” என்றார்.